நயேலியின் கூரைக்கு ஆள் சேர்ந்த கதை

கட்டடக்கலை படிக்கப் போனது நயேலி திந்தாயா. சோதனை வந்தது எங்கள் குன்றுக்கு. லீமாவின் பல்கலைக்கழகத்தில் அவளுக்குச் சமூகம், சமூகம் என்று ஓதிக்கொண்டே இருந்தார்கள். சமூகம் என்றால் அவளுக்குத் தெரிந்தது நாங்கள்தான். அதனால் ஒவ்வொரு செமஸ்டரும் எதையாவது வரைவாள், வரைந்ததை எங்கள் தலையில் கட்டுவாள்.

நான் எர்லிந்தா, குன்றின் நடுப்படியில் கடை வைத்திருப்பவள். நயேலிக்கு ஞானத்தாய் வேறு. ஆகவே முதல் அடி எப்போதும் எனக்குத்தான் விழும்.

முதலில் வந்தது தண்ணீர் வேண்டாத கக்கூஸ். என் கொல்லையில்தான் வைத்தாள்.

"சித்தி, ஒரு சொட்டுத் தண்ணி வேணாம். போயிட்டு ஒரு கை மரத்தூளப் போட்டாப் போதும். கொஞ்ச மாசத்துல உரமாயிடும்."

"உரத்த வச்சு நான் என்னடி பண்ண? இந்தப் பாறையில எத நடுறது?"

"அது அடுத்த செமஸ்டர்."

சொன்ன மாதிரியே அடுத்த செமஸ்டரில் பழைய டயர்களை அடுக்கிச் சரிவில் தோட்டம் போட்டாள். எல்லா டயரிலும் கீரை. எல்லாக் கீரையிலும் மேல்வீட்டுக் குளோதோமிரோவின் நாய். அதற்கடுத்து மூடுபனியைப் பிடித்துத் தண்ணீராக்கும் வலை வந்தது. எங்கள் குன்றில் குளிர்காலம் முழுக்கப் பனிதான், வலை நன்றாகவே சொட்டியது. ஆனால் இரண்டு கம்பத்துக்கு நடுவே வலை கட்டியிருந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் அதை வேறு எதற்கென்று நினைப்பார்கள்? சனிக்கிழமை சாயங்காலமே வாலிபால் தொடங்கிவிட்டது. நயேலி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அறிக்கையில் "மக்கள் தாமாகக் கண்ட மாற்றுப் பயன்பாடு" என்று எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாள். அந்த விஷயத்தில் பெண் கெட்டிக்காரி.

ஆள் குள்ளம், குரல் பெரிசு. அட்டையில் செய்த மாதிரி வீட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவாள். "வீட்டுக்கும் டிக்கெட் எடும்மா" என்று கண்டக்டர் தினமும் கேட்பான். தினமும் அவனோடு சண்டை. சிமெண்டு மூட்டையோடு யாராவது படியேறினால் வழிமறித்துப் பாடம் நடத்துவாள். சிமெண்டு பூமியைச் சூடாக்குகிறதாம். சூடாகட்டும் என்றுதான் நாங்கள் நினைத்தோம், ஜூலை மாதக் குளிரில் எங்களோடு வந்து படுத்துப் பார்த்தால் தெரியும்.

கடைசி வருஷத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது எங்கள் பொதுச் சமையல் கூடம். கூடம் என்று பெயர்தான். நான்கு சுவரை நாங்களே ஞாயிற்றுக்கிழமைகளில் எழுப்பியிருந்தோம், மேலே ஒரு நீலப் பிளாஸ்டிக் தாள். நயேலியின் அம்மா சத்துர்னினாவும் இன்னும் சில பெண்களும் அங்கே பாதிக் குன்றுக்கு மத்தியானச் சாப்பாடு ஆக்குவார்கள். தாளில் இருந்த ஓட்டை வழியாகப் பனித்தூறல் நேராகப் பானைக்குள் விழும். சத்துர்னினாவின் சூப் குறையவே குறையாது என்று கேலி பேசுவோம்.

அதற்கு நயேலி மூங்கில் கூரை வரைந்தாள். ஏதோ ஒரு அறக்கட்டளை வடக்கிலிருந்து லாரியில் மூங்கில் அனுப்பியது. அவளுடைய பேராசிரியர் ஒத்தாரோலாவுக்கு வரைபடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. சின்னச் சின்னத் துண்டுகள், மூன்றே பேர் ஒரு வாரத்தில் மாட்டிவிடலாம். நிபந்தனை ஒன்றுதான்: கூலியாள் வைக்கக் கூடாது, ஊர்க்காரர்களே ஏற்ற வேண்டும். செமஸ்டர் முடிவில் நடுவர் குழு குன்றுக்கு வந்து பார்க்கும். கூரை இல்லையென்றால் ஃபெயில், இன்னொரு வருஷம் படிக்க வேண்டும்.

"இன்னொரு வருஷம் என்னால ஆகாதுடி," என்று சத்துர்னினா சொல்லிவிட்டாள். "இந்த வருஷம் முடிச்சா முடி. இல்லன்னா வந்து என்கூட வெங்காயம் நறுக்கு."

ஞாயிற்றுக்கிழமை கூரைக்கு வருகிறோம் என்று குன்றே வாக்குக் கொடுத்தது. ஊர்ச் சங்கச் செயலாளர் எலெவுத்தேரியோ மட்டும் தாடையைச் சொறிந்தார். "எல்லாம் சரிம்மா. மூங்கில் கூரைன்னா நாளைக்கு மேல மாடி எப்படி எடுப்போம்? நாலு மூலையில கம்பியாவது நீட்டி விட்டு வையேன்." எங்கள் குன்றில் எந்த வீட்டுத் தலையிலும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், மகன் கல்யாணத்துக்கு மாடி எழுப்ப. நயேலி பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஞாயிறு வந்தது. ஆள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நானும் போகவில்லை, ஏன் மறைக்க வேண்டும்? அன்றைக்கு மேலே குளோதோமிரோ வீட்டில் தளம் போட்டார்கள்.

தளம் போடுகிற வீட்டை விட்டுவிட்டு யார் எங்கே போவார்கள்? கலவை மெஷின் ஓடுகிறது, ஒலிபெருக்கியில் மலைநாட்டுப் பாட்டு அலறுகிறது, ஆண்களும் பெண்களும் வரிசையில் நின்று கலவை டின்னைக் கை மாற்றுகிறோம். ஒரு பக்கம் ஆட்டுத்தலை சூப் கொதிக்கிறது. எங்கள் ஊரில் குழந்தைக்கு மாதிரி தளத்துக்கும் ஒரு ஞானத் தகப்பன் உண்டு, பீர்ப் பெட்டி அவன் செலவு; அவன் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறான். அந்த நேரத்தில் நயேலி படியேறி வந்து ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினாள்.

"நல்லா இருக்கீங்களா எல்லாரும்? அங்க நானும் அம்மாவும் மூங்கிலும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். வர்றேன்னு எனக்கு வாக்குக் குடுக்காத ஆளு இங்க யாரு? கையத் தூக்குங்க பாப்போம்!"

யாருக்கும் கை காலியாக இல்லை.

"கோவிச்சுக்காதடி," என்றான் குளோதோமிரோ. "உன் மூங்கில் நாளைக்கும் மூங்கிலாத்தான இருக்கும்? இந்தக் கலவைய நாளைக்கு வச்சாப் பாறையாயிடும். அடுத்த ஞாயிறு உனக்குத்தான்."

"போன ஞாயிறும் இதத்தான் சொன்னீங்க மாமா."

"அடுத்த ஞாயிறும் மூங்கில் அங்கதான இருக்கும்?"

அதற்குள் என் கைக்கு டின் வந்துவிட்டது, எனக்கு அடுத்து நின்ற பெண் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். "பேச்சு அப்புறம்டி, பிடி, காயுது" என்று நயேலியின் கையில் திணித்தேன். அவளும் பிடித்தாள், திரும்பி மேலே கொடுத்தாள், அடுத்த டின்னுக்குக் கையை நீட்டினாள். சிமெண்டுக்கு எதிராக ஊருக்கே உபதேசம் செய்தவள் சாயங்காலம் வரை முழங்கை முட்டச் சிமெண்டோடு நின்றாள். அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் அன்றைக்கு எங்கள் வரிசையில் இல்லை.

தளம் முடிந்தது. வழக்கப்படி கட்டித் தொங்கவிட்ட மது பாட்டிலை ஞானத் தகப்பன் சுத்தியலால் உடைத்தான். ஒரே கண்ணாடித் தம்ளர் வட்டத்தில் சுற்றி வந்தது. ஆளுக்கு ஒரு வாய் பீர், கடைசி நுரை தரைக்கு. நயேலி தம்ளரை வாங்கினவள் குடிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"சித்தி, உங்களுக்குக் குளோதோமிரோ மாமாவ அவ்வளவு பிடிக்குமா?"

"அவனையா? அவன் நாய் என் கோழி ரெண்டத் தின்னுடுச்சு. அவன்கூடப் பேசியே எவ்வளவு நாளாச்சு."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"தளம் போடுறான்ல?"

"என் ஆய்வுத் தலைப்பு சமூகமும் சுற்றுச்சூழலும்," என்றாள் அவள். "சுற்றுச்சூழலுக்குச் சிமெண்டு ஆகாது. சமூகத்துக்குச் சிமெண்டு இல்லாம ஆகாதுபோல."

"குடிச்சிட்டுத் தம்ளர நகத்துடி, பின்னாடி ஆள் நிக்குது," என்றேன். எனக்கு அப்போது புரியவில்லை. நாளைக்கும் செய்யலாம் என்கிற வேலைக்கு எவனும் இன்றைக்கு வரமாட்டான் என்பதைத்தான் அவள் அந்த டின் வரிசையில் நின்று பிடித்திருக்கிறாள்.

மறுநாளே பழைய வரைபடத்தைத் தூக்கிப் போட்டாள். மூங்கிலை நீள நீளமாகப் பிளந்து, கூடத்துக்குப் பக்கத்துத் தட்டையான மணலில் பெரிய கட்டங்களாகப் போட்டுக் கட்டத் தொடங்கினாள். அகலமான பாய் மாதிரி கிடந்தது. அந்தப் பாயை நாலா பக்கமும் ஆட்கள் நின்று ஒரே நேரத்தில் தூக்கிச் சுவர்மேல் வைத்து, ஓரங்களை உள்ளே தள்ளினால் நடுப்பகுதி கவிழ்த்த கூடை போல் எழும்புமாம். ஓரமெல்லாம் சுவரோடு கட்டி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். ஒரு பக்கம் விட்டால் அந்தப் பக்கம் முறியும். வேறு மூங்கிலும் கிடையாது.

பேராசிரியருக்கு வந்ததே கோபம். அவர் பேசியதை நயேலி என் கடை வாசலில் நடித்தே காட்டினாள், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி: "திந்தாயா, நல்ல வடிவமைப்புங்கறது ஆள் தேவையைக் குறைக்கணும். மூணு பேர் செய்யுற வேலைக்கு நாப்பது பேரா? இது முன்னேற்றமா? முறிஞ்சா நான் பொறுப்பில்ல. ஃபெயில்தான்."

"பழைய மாதிரியே பண்ணித் தொலையேன்டி," என்றேன். "மூணு பேருதான? நானும் உங்கம்மாவும் நீயும் மாட்டிடலாம்."

"மாட்டலாம் சித்தி. ஊர்க்காரங்களே ஏத்துன கூரைன்னு பொய்யும் எழுதலாம்."

நடுவர் குழு வருகிற நாளையே கூரை நாளாகக் குறித்தாள். அதற்கு முந்தைய வாரம் முழுக்க வீடு வீடாக ஏறினாள். கெஞ்சவில்லை, மிரட்டினாள். "நாப்பது பேரு வேணும். ஒரு ஆளு கொறஞ்சாலும் முறிஞ்சிடும். நீங்க வரலன்னா ஒடச்சது நீங்கதான், ஊரே சொல்லும்." எங்கள் குன்றில் உதவி கேட்டால் யோசிப்பார்கள். பழி வரும் என்றால் ஓடி வருவார்கள். ஆட்டுத்தலைக்குச் சத்துர்னினா ஏற்பாடு செய்தாள். பாட்டுக்கு ஒலிபெருக்கி கொடுத்தவன் குளோதோமிரோ.

அன்றைக்குக் காலையில் தூறல். பேராசிரியர் ஒத்தாரோலா வெள்ளைச் சட்டையில், இரண்டு சக நடுவர்களோடு மூச்சு வாங்கப் படியேறி வந்தார். எலெவுத்தேரியோ ஓடிப்போய் அவர் தலையில் வண்ணக் காகிதத் தூளைக் கொட்டி, கூரையின் ஞானத் தகப்பன் இவர்தான் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார். மனுஷருக்கு ஒரே பெருமை. ஞானத் தகப்பன்தான் பீர் வாங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆட்களை எண்ணினோம். பள்ளத்துப் பக்கம் ஒரு இடம் காலி. அங்கே நிற்க வேண்டியவன் கால் சுளுக்கிப் படுத்துவிட்டான். நயேலியின் முகம் வெளுத்துப்போனது. அவள் வாயைத் திறப்பதற்குள் சத்துர்னினா கரண்டியைத் தூக்கிக் கத்தினாள்.

"யோவ் வெள்ளச் சட்டை! அங்க என்ன வேடிக்கை? வந்து பிடிய்யா!"

பேராசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார். வெள்ளைச் சட்டை வேறு யாரும் போட்டிருக்கவில்லை. வந்து பிடித்தார்.

"தூக்கு!" என்றாள் நயேலி. தூக்கினோம். பாய் சுவர்மேல் ஏறியது. "தள்ளு! மெதுவா! குளோதோமிரோ மாமா, மெதுவான்னா மெதுவா!" ஓரம் உள்ளே போகப் போக நடு எழும்பியது. மூங்கில் கிறீச்சிட்டது. எனக்கு ஒரு பக்கம் குளோதோமிரோ, மறுபக்கம் பேராசிரியர். மூன்று பேர் கையும் தலைக்கு மேலே. நயேலி ஏணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முனையாகக் கட்டி வந்தாள். தூறல் முகத்தில் விழுந்தது, துடைக்கக் கை இல்லை. அவள் எங்கள் பக்கம் வந்தபோது பேராசிரியரின் வெள்ளைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"திந்தாயா," என்றார் அவர், மூச்சுக்கு நடுவே. "இன்னமும் சொல்றேன். இது பெரிய குறை. ஆள் வராத ஊர்ல இந்தக் கூரையப் போடவே முடியாது."

நயேலி பல்லில் கடித்திருந்த கயிற்றை எடுத்தாள். "ஆள் வராத இடத்துக்குக் கூரை எதுக்கு சார்?"

குளோதோமிரோ சத்தமில்லாமல் சிரித்தான், அவன் சிரிப்பு மூங்கில் வழியாக என் கைக்கு வந்தது. அவன் நாய் செய்த பாவத்தை அந்த நிமிஷம் மன்னித்துவிட்டேன்.

"கை வலிக்குதும்மா. விடலாமா?" என்றார் பேராசிரியர்.

"இன்னும் இல்ல சார். எல்லாரும் ஒண்ணாத்தான் விடணும்."

கடைசி முனையைக் கட்டினாள். ஏணியில் நின்றபடியே எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "விடுங்க," என்று அவள் சொன்னது பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது.

விட்டோம். மூங்கில் ஒரு தரம் முனகி, உட்கார்ந்துகொண்டது. கூரை நின்றது. அப்புறம் எழும்பிய கூச்சலில் நான் அழுததை யாரும் கவனிக்கவில்லை.

பேராசிரியர் மட்டும் கையை இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"சார், முடிஞ்சுது. விடலாம்," என்றாள் நயேலி.

"தெரியும்மா," என்றார் அவர். "நீ தேறிட்ட, போ." கை இன்னும் மேலேயே இருந்தது.