ஆற்றங்கரை மேடையில் ஒரு பஸ் டிரைவர்

லம்யையின் சலவைக்கடைக்கு மேலே குடியிருக்கும் வெள்ளைக்காரரின் முழுப் பெயர் அலஸ்டர் ரென்னி. ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் தலை வழுக்கையாகும் வரை பஸ் ஓட்டியவர். வடக்குத் தாய்லாந்தின் லம்பாங் ஊர்க்காரர்களின் வாயில் அந்த 'ர' சரியாக உட்காரவில்லை. ரென்னி லென் ஆகிவிட்டார். அவர்கள் மொழியில் லென் என்றால் விளையாட்டு. பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து, 'எவ்வளவு அன்பான ஜனங்கள்' என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். அர்த்தம் தெரிந்த பிறகும் அவர் பெயரை மாற்றிச் சொல்லவில்லை. "இருபது வருஷம் யோசிச்சு வச்ச மாதிரி பொருத்தமா இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்பார்.

ஓய்வுபெற்ற அன்று டிப்போவில் கேக் வெட்டும்போது, "தாய்லாந்துல என் பென்ஷனுக்கு ராஜா மாதிரி இருப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர். கடற்கரை ஊர் ஒன்றில் ராஜாவாகத்தான் தொடங்கினார். ஒரே மழைக்காலத்தில் மந்திரி, தளபதி, சேவகன் என்று படிப்படியாக இறங்கிவிட்டார். பென்ஷன் வளரவில்லை, வாடகை வளர்ந்தது. வாடகை எங்கே தன்னோடு சமாதானமாகப் பேசுகிறதோ அங்கே இறங்கிக்கொள்வது என்று வடக்கு பார்த்துப் பஸ் ஏறி, கடல் வாடையே இல்லாத லம்பாங்கில் வந்து நின்றார். பழைய சிநேகிதர்கள் போனில் கடலைப் பற்றி விசாரித்தால், "இருக்கு, கொஞ்சம் தள்ளி இருக்கு" என்பார். ஒரு ராத்திரிப் பயணத் தூரம் என்பதை மட்டும் சொல்வதில்லை.

அறைக்கு மேலே தகரக் கூரை. கோடையில் மின்விசிறி சுற்றச் சுற்ற, சூடு அறையின் எல்லா மூலைக்கும் சமமாகப் போய்ச் சேரும். அதனால் மதியத்தில் பெரிய கடை ஒன்றுக்குப் போய், குளிர்பெட்டி முன்னால் நின்று தயிர் டப்பாக்களை ஆராய்வது அவருடைய வழக்கமாயிற்று. ஒருநாள் சோப்புத்தூள் வாங்க வந்த லம்யை பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு ஓரளவு ஆங்கிலம் வரும்.

"என்னண்ணே, ரொம்ப நேரமா அந்தத் தயிரையே பாத்துட்டு நிக்கிறீங்க? அதுக்கும் உங்களுக்கும் என்ன பேச்சுவார்த்தை?"

"வெலை பாக்கறேன்."

"எல்லா டப்பாவுலயும் ஒரே வெலைதான் போட்டிருக்கு."

"அப்படியா? அதைத்தான் சரிபாத்தேன்."

லம்யை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "குளுரா நிக்க வந்தேன்னு சொன்னா என்ன, வாய் வலிக்குமா? சாயங்காலம் ஆத்தங்கரைக்கு வாங்க. நல்லா காத்து வரும். வாசனா டீச்சர் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி சொல்லித் தராங்க. காசு கிடையாது."

கடைசி இரண்டு வார்த்தையில்தான் அவருக்கு உடல்நலத்தின் மேல் அக்கறை பிறந்தது.

வாங் ஆற்றங்கரையில் சின்ன மேடை, அதன்மேல் இரண்டு ஒலிபெருக்கி. கீழே வரிசை வரிசையாகப் பெண்கள். சந்தையில் கடை போடுகிறவர்கள் ஒரு பக்கம், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியைகள் ஒரு பக்கம். லென் கடைசி வரிசையில் போய் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் தென்னை மரம் ஒளிந்துகொள்வது போலத்தான் அது இருந்தது. எல்லாரும் வலது பக்கம் போகும்போது அவர் இடது பக்கம் போனார். அந்த நாட்டு வழக்கப்படி சாயங்காலம் ஆறு மணிக்குத் தேசிய கீதம் ஒலித்ததும் எல்லாரும் அசையாமல் நின்றார்கள். அவர் அப்போது ஒரு காலைத் தூக்கியிருந்தார். இறக்கினால் மரியாதைக் குறைவோ என்று பயந்து, கீதம் முடியும்வரை கொக்கு மாதிரி ஆடி ஆடி நின்றார். முன்வரிசையில் தோள்கள் குலுங்கின. கீதம் முடிந்ததும் வாசனா டீச்சர், "பின்னாடி இருக்கற அண்ணன் காலைக் கீழ விடலாம்" என்று மைக்கில் சொன்னார்.

ஆனாலும் காற்று நன்றாக இருந்தது. தினமும் போனார்.

மழை தொடங்கிய சமயம் வாசனா டீச்சர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து படுத்தார். மேடையில் யார் ஏறுவது என்று சண்டை வந்தது. சந்தைக்காரர்கள் ஏறினால் ஆசிரியைகள் வரமாட்டார்களாம். ஆசிரியைகள் ஏறினால் சந்தைக்காரர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்களாம். லம்யைதான் நடுவில் புகுந்து, ஊர் மொழியில் படபடவென்று பேசினாள்.

"லென் அண்ணன் ஏறட்டும். அவருக்கு இந்த ஊர்ல சொந்தமும் இல்ல, பகையும் இல்ல. ஒசரம் மட்டுந்தான் இருக்கு."

இதில் லென்னுக்குப் புரிந்தது தன் பெயரும் 'ஒசரம்' என்ற வார்த்தையும்தான். 'கடைசியில் என் திறமையைக் கண்டுகொண்டார்கள்' என்று நெஞ்சை நிமிர்த்தி ஏறினார்.

ஆடுவதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பார். டீச்சர் மாதிரி வாய்விட்டுச் சொல்லவும் ஆசைப்பட்டார். அந்த மொழியில் முழங்காலுக்கும் சோற்றுக்கும் ஏறக்குறைய ஒரே சத்தம். குரலை ஏற்றி இறக்குவதில்தான் வித்தியாசம். "முழங்காலைத் தூக்கு" என்று நினைத்துக்கொண்டு மைக்கில், "சோத்தைத் தூக்கு! சோத்தைத் தூக்கு!" என்றார். முன்வரிசையில் இறைச்சி விற்கும் பெண்மணி ஒருத்தி, தட்டைத் தூக்குவது போல இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். அடுத்த பாட்டில் ஆற்றங்கரை மொத்தமும் இல்லாத தட்டைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஆசிரியைகளும் தூக்கினார்கள். இது ஏதோ லம்பாங்கின் உள்ளூர்ப் பயிற்சி போலிருக்கிறது என்று லென்னும் தூக்கினார்.

நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது. மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிற புருஷன்மார்கள் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்கள். தன் புகழ் பரவுகிறது என்று லென் முடிவு செய்தார். சனிக்கிழமைச் சந்தையில் நெற்றிக்குக் கட்டுகிற சிவப்புப் பட்டை ஒன்று வாங்கினார். வியர்வை முடியிலிருந்து வழியாமல் இருக்கக் கட்டுவது அது. முடிதான் இல்லையே என்பது வாங்கிய பிறகுதான் உறைத்தது. இருந்தாலும் கட்டிக்கொண்டார்.

ஒரு காலையில் நூடுல்ஸ் கடைக்குள் நுழையும்போது, கடைக்காரர் வாடிக்கையாளர்களுக்கு நடுவில் நின்று கரண்டியோடு ஒரு கூத்து நடத்திக்கொண்டிருந்தார். வயிற்றைத் தள்ளி, இடதுகாலை உதைத்து, "சோத்தைத் தூக்கு!" அதற்குள் லென்னுக்குக் கொஞ்சம் மொழி பிடிபட்டிருந்தது. எல்லாமே புரிந்துவிட்டது. சாப்பிடாமல் திரும்பி நேராகச் சலவைக்கடைக்கு வந்தார்.

"எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கறதுக்கா வராங்க?"

லம்யை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஆமாண்ணே. பின்ன, உங்க ஆட்டத்தை ரசிக்கவா வருவாங்க?"

அன்றிலிருந்து அவர் ஆற்றங்கரைக்குப் போகவில்லை. ஆனால் கோபித்துக்கொண்டு வீட்டில் கிடப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே ரோஷத்தைக் காப்பாற்றுவது லேசில்லை. கட்டிலில் உள்ளாடையோடு கிடந்து, இந்த ஊரையே விட்டு இன்னும் வடக்கே போய்விடலாமா என்று யோசித்தார். அதற்கு மேல் வடக்கே போனால் அடுத்த நாடு வந்துவிடும் என்று ஞாபகம் வந்தது. தன் நிலைமையை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்தது யாருக்காவது கேட்டிருக்குமோ என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் தெருவிலிருந்து குரல் கேட்டது. வாசனா டீச்சர், கட்டுப் போட்ட காலோடு, தன் தம்பி வண்டியில் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, என்னால மாடி ஏற முடியாது. நீங்க எறங்கி வாங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

"எத்தனை வருஷமா அந்த மேடையில கத்தறேன்," என்றார் டீச்சர். "ஒரு புருஷனாவது ஆட வந்தானா? உங்களைப் பாத்துச் சிரிக்க வந்தவங்க இப்ப கடைசி வரிசையில ஆடிட்டு இருக்காங்க. இந்த ஆளே மேடை ஏறும்போது நமக்கென்ன வெக்கம்னு நெனச்சிருப்பாங்க."

"அது பாராட்டா, டீச்சர்?"

"இல்ல. உள்ளதைச் சொன்னேன்."

லென் யோசித்தார். பஸ் ஓட்டிய காலத்தில் அவரைப் பார்க்க யாரும் வந்ததில்லை. அவர் வரவில்லையென்றுதான் திட்டியிருக்கிறார்கள்.

"நான் நாற்காலியில உக்காந்து மைக்ல சொல்றேன்," என்றார் டீச்சர். "நீங்க காலை மட்டும் குடுங்க. வாயைத் தெறக்கக்கூடாது."

அப்படித்தான் மழைக்காலம் முழுவதும் நடந்தது. சொல் டீச்சருடையது, கால் லென்னுடையது. இரண்டும் சில சமயம் ஒத்துப்போயின. சிவப்புப் பட்டையை அவர் கழற்றவில்லை. கழற்றினால் தலை சட்டை போடாத மாதிரி இருக்கும் என்பது அவர் வாதம். நூடுல்ஸ் கடைக்காரரும் வந்து சேர்ந்தார். கடையில் லென்னைப் போல அவ்வளவு நன்றாக நடித்தவர், ஆற்றங்கரையில் அவரைவிட மோசமாக ஆடினார். அன்றைக்கு லென் நிம்மதியாகத் தூங்கினார்.

மழை ஓய்ந்து டீச்சரின் கால் கூடியதும் அவரே மேடை ஏறினார். லென் யாரும் சொல்லாமலே கடைசி வரிசைக்குத் திரும்பினார். ஆனால் அங்கே நின்ற புருஷன்மார்களுக்குக் கண்பார்வை தூரத்துக்கு எட்டாது. பக்கத்தில் உயரமாக நிற்கிறவரைப் பார்த்தே ஆடிப் பழகிவிட்டார்கள். முன்வரிசைகள் எல்லாம் வலது பக்கம் போக, கடைசி வரிசை மட்டும் ஒரே ஒழுங்காக இடது பக்கம் போனது.

டீச்சர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "கடைசி வரிசை, நீங்க யாரோட மாணவர்கள்?"

லென் கீழே பார்த்துக்கொண்டு தன் காலை மாற்றினார். அவர் மாற்றினாரே என்று மொத்த வரிசையும் காலை மாற்றியது.