துணியோரத்து ஈரம்

ஆர்ஸெல்லா டாலிவர் பிறந்ததிலிருந்து பெனியேல் சபைதான். ஆனால் ஒருநாளும் விழுந்ததில்லை. எங்கள் சபையில் விழுவது என்றால் ஆவியில் விழுவது. கால் தடுக்கினவரைச் சறுக்கினார் என்போம். வெயிலில் மயங்கினவரைச் சாய்ந்தார் என்போம். விழுந்தார் என்ற சொல்லை மட்டும் ஆவியானவருக்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டோம். அலபாமாவில் எல்லாச் சபையும் இப்படியா என்று எனக்குத் தெரியாது, எங்கள் சபை இப்படித்தான்.

பாட்டு ஏறி, ஆர்கனும் கூடவே ஏறி, பாஸ்டர் லாண்ட்ரமின் குரல் கரகரக்கத் தொடங்கும்போது யாராவது ஒருவர் கையை உயர்த்தியபடியே விழுவார். வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக நர்ஸம்மாக்கள் ஓடிவருவார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ்கள் இல்லை, சபையின் நர்ஸ்கள். அவர்கள் முழங்கையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி தொங்கும். அதை விரித்து, விழுந்தவரின் காலிலிருந்து தாடைவரை போர்த்துவார்கள். சவ அடக்கக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த அட்டை விசிறியால் விசிறுவார்கள். யாரும் தொட்டுவிடாமல் சுற்றி நிற்பார்கள். கர்த்தர் வேலை செய்கிற இடத்தில் மனிதர் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அந்த நர்ஸம்மாக்களுக்குத் தலைவி ஆர்ஸெல்லா. வாரநாளில் பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய பாத்திரங்களோடு மல்லுக்கட்டுவாள். சனிக்கிழமை மத்தியானம் சபையின் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவாள். ஊரே ஆடிப்பாடி விழுந்தாலும் இவள் தூண் மாதிரி நிற்பாள். அவளுடைய சிநேகிதி இமோஜீன் பாஸ்கம் இதைச் சொல்லிச் சீண்டாத ஞாயிறு இல்லை.

"ஊருக்கெல்லாம் போர்த்துறே. உம்மேல ஒருநாள் நான் போர்த்திப் பாக்கணும்டி. கண் மூடுறதுக்குள்ள அந்த பாக்கியம் கிடைக்குமா?" என்பாள்.

"காத்துக்கிட்டே இரு," என்பாள் ஆர்ஸெல்லா.

இமோஜீனின் கணவர் ஹோஸியா பாஸ்கம் எங்கள் சபையின் டீக்கன், பாஸ்டருக்கு வலக்கை மாதிரி. கோட்டுப் பையில் எப்போதும் புதினா மிட்டாய் வைத்திருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பிரசங்கம் முழுக்கப் புதினா வாசனைதான். வசந்தத்தில் டாக்வுட் மரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்த ஒரு ஞாயிறு அவர் விழுந்தார். ஆர்ஸெல்லாதான் போர்த்தினாள். ஒருக்களித்துக் கிடந்ததால் துணியின் ஓரம் அவர் உதட்டில் பட்டது. உள்ளிருந்து குறட்டைபோல, விட்டு விட்டு, ஒரு சத்தம் வந்தது. டீக்கன் கர்த்தரோடு பேசுகிறார் என்று சபை இன்னும் உரக்கப் பாடியது. முடிந்த பாட்டையே மறுபடி எடுத்தார்கள். அந்தச் சத்தம் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. பாட்டெல்லாம் ஓய்ந்து தூக்கப் போனபோது அவர் உடம்பில் உயிர் இல்லை.

அடக்க ஆராதனையில் பாஸ்டர், எலியாவை அக்கினி ரதம் தூக்கிப் போனதைப்போல ஆவியானவரே வந்து டீக்கனை அழைத்துப்போனார் என்றார். இமோஜீன் அந்த வார்த்தையை வீட்டுக்கு எடுத்துப்போனாள். பிறகு அவள் சாப்பிட்டதும் தூங்கினதும் அதை வைத்துத்தான்.

கோடைத் தொடக்கத்தில் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சபைகளில் இதய நோயைத் தடுக்க ஒரு திட்டம் இருக்கிறதாம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, உப்பையும் கொழுப்பையும் பற்றிய புத்தகங்கள், நெஞ்சை அமுக்கிக் காப்பாற்றும் பயிற்சி, நின்றுபோன இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஒரு பெட்டி, எல்லாம் இலவசம். முதலில் பெயர் கொடுத்தவள் ஆர்ஸெல்லா. ஆராதனை முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டாள். ஒரு பக்கம் பொரித்த கெளுத்தி மீன், மறுபக்கம் வெண்ணெய் கேக், நடுவில் பிரஷர் மேசை. கேக்குத் தட்டோடு வந்து கையை நீட்டியவர்களை அவள் விட்டுவைக்கவில்லை. கொழுப்பைக் குறைக்கச் சொன்னபோது, பன்றிக் கழுத்தெலும்பு போடாத கீரையும் ஒரு கீரையா என்று ஆண்கள் முனகினார்கள். முனகிக்கொண்டே வரிசையில் நின்றார்கள். சபையில் எல்லார் கையிலும் அந்தக் கருவியின் பட்டையைச் சுற்றினாள். தன் கையில் மட்டும் சுற்றிக்கொள்ளவில்லை. இந்த அசட்டுத்தனத்துக்கு நான் என்ன பெயர் வைக்க?

பயிற்சியில் அந்தப் பெண் ஒன்று சொன்னாள். இதயம் நின்றுபோனவர் சில நேரம் குறட்டைபோல இழுப்பார், அதை மூச்சென்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது, உடனே நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும் என்றாள். ஆர்ஸெல்லா அமுக்கிப் பழகக் கொடுத்திருந்த ரப்பர் பொம்மையைக் கீழே வைத்தாள். பயிற்சி முடியுமுன்னே வீட்டுக்கு நடந்தாள்.

துணி சமாச்சாரம் அந்தச் சனிக்கிழமை தொடங்கியது. சபை அலமாரியில் மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்தபோது ஒன்றின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். கூரை ஒழுகுகிறதோ என்று மேலே பார்த்தாள். மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். சுர்ரென்று ஆவி எழுந்து காய்ந்தது. அடுத்த சனியும் அதே துணி, அதே ஓரம். தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. துணியைக் காயவைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தகர டப்பாவில் போட்டு மூடினாள். டப்பாவைத் திறந்தபோது ஈரம் இருந்தது, கூடவே புதினா வாசனையும். எந்தத் துணி அது என்று அவள் யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. டீக்கன்மேல் அன்று போர்த்திய துணியின் ஓரத்தில் அவளே போட்ட தையல் இதிலும் இருந்தது.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. எரித்துவிட நினைத்தாள், கை வரவில்லை. வேறு யார் மேலும் அதைப் போர்த்திவிடக் கூடாதே என்று ஞாயிறுதோறும் தன் முழங்கையிலேயே தொங்கவிட்டுக்கொண்டாள். பிரசங்கத்தின் நடுவே சில நேரம் அந்தத் துணி மெல்ல உப்பி அடங்கும். மின்விசிறிக் காற்று என்று சொல்லிக்கொள்வாள். அதற்குமேல் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்து விழுகிறவரையும் பாடியே சாகவிடுவோம் என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். இனி யார் விழுந்தாலும் பாட்டெடுக்கும் முன் நர்ஸ் குனிந்து பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், மூச்சைப் பார்க்க வேண்டும், பெட்டியை எல்லார் கண்ணிலும் படுகிற சுவரில் மாட்ட வேண்டும் என்றாள். ஆவியானவருக்கே நாடி பார்க்கப் போகிறாளா என்று மூத்த தாய்மார்கள் முணுமுணுத்தார்கள். அதை அவள் தாங்கிக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து இமோஜீன் எழுந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், ஆர்ஸெல்லா," என்றாள் இமோஜீன். சத்தம் போடாமல்தான் கேட்டாள். "எம் புருஷன் எதுல போனாரு? ஆவியில போனாரா, இல்ல நாம பாடுன பாட்டுல போனாரா? நீயே சொல்லு."

ஆர்ஸெல்லா என்ன சொல்வாள்? உண்மையைச் சொன்னால் சிநேகிதி கையில் மிச்சமிருக்கும் ஒரே ஆறுதலைப் பிடுங்கினவளாவாள். சொல்லாவிட்டால் பெட்டி சுவரில் ஏறாது. பேசாமல் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் கோணாமல் இருக்கப் பார்த்த பாஸ்டர் பெட்டியைப் பாடகர் அறைக்குப் பின்னால் துடைப்ப அலமாரியில் வைக்கச் சொன்னார். அன்றிலிருந்து இமோஜீன் அவளைச் சீண்டவில்லை. பேசவே இல்லை.

ஆகஸ்டில் எங்கள் சபைக்கு வீடுதிரும்பும் ஞாயிறு வரும். வெளியூர் போனவர்கள் எல்லாம் வந்து சேருவார்கள், கூரை அதிரும். அந்த வாரம் முழுக்க ஆர்ஸெல்லாவுக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு வலி. தாடையும் கடுத்தது. பள்ளி திறந்து பாத்திரம் தூக்கினதால்தான் என்று மருந்தெண்ணெய் தேய்த்துக்கொண்டாள். அதே வலியை வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் காதைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பாள். அன்று காலை முழங்கையில் துணி வழக்கத்தைவிடக் கனத்தது. நனைந்தே இருந்தது. போகாதே என்கிறதா, போ என்கிறதா என்று அவளுக்குப் புரியவில்லை.

மூன்றாவது பாட்டு ஏறும்போது தரை அவளை நோக்கி வந்தது.

சபையே சந்தோஷத்தில் வெடித்தது. ஆர்ஸெல்லா விழுந்துவிட்டாள். நாற்பது வருடம் தூணாக நின்றவளைக் கர்த்தர் கடைசியில் தொட்டுவிட்டார். மூத்த தாய்மார்கள் கைக்குட்டையை வீசி அழுதார்கள். இள நர்ஸ் ஒருத்தி அவள் முழங்கையிலிருந்த துணியையே உருவி, விரித்து, தாடைவரை போர்த்தினாள். சவ அடக்கக் கடையின் விசிறிகள் அசைந்தன. யாரும் தொடவில்லை.

இதெல்லாம் தன் காதில் விழுந்ததா, பின்னால் பிறர் சொன்னதா என்று ஆர்ஸெல்லாவுக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஒன்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. சிவப்புக் கம்பளத்தில் அவளுக்குப் பக்கத்தில், அதே துணிக்குள், இன்னொருவர் ஒருக்களித்துக் கிடந்தார். இது ஆவியில் விழுந்தது இல்லை என்று கத்த நினைத்தாள், வாய் திறக்கவில்லை. அவரும் அப்படித்தான் கத்த நினைத்துக் கிடந்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. பாட்டு தொலைவாகிக்கொண்டே போனது. புதினா மணத்தது.

பின்வரிசையிலிருந்து இமோஜீன் எழுந்து வந்தாள். பழைய கோபத்தை மறந்து சிநேகிதிக்காக மகிழ வருகிறாள் என்று எல்லாரும் வழிவிட்டார்கள். என்றோ ஆசைப்பட்டபடி துணியை ஒரு தடவை சரிசெய்துவிடத்தான் அவளும் குனிந்தாள். ஓரத்தைப் பிடித்தவள் கையை வெடுக்கென்று எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு அந்தச் சட்டத்தையெல்லாம் மீறி ஆர்ஸெல்லாவின் மூக்கருகே புறங்கையை வைத்தாள். அப்படியே அசையாமல் இருந்தாள்.

"பாட்டை நிறுத்துங்க," என்றாள். "இவ விழல."

யாரும் நிறுத்தவில்லை. அவள் எழுந்துபோய் ஆர்கன் கட்டைகள்மேல் இரண்டு கையையும் மொத்தமாக அமுக்கினாள். அந்த அலறலில்தான் பாட்டு நின்றது.

"துடைப்ப அலமாரியில அந்தப் பெட்டி இருக்கு, எடுத்துட்டு வாங்க. எம் புருஷன் இப்படித்தான் கிடந்தாரு. நாம பாடிக்கிட்டு இருந்தோம்," என்றாள் இமோஜீன்.

இள நர்ஸ் பயிற்சியில் கற்றபடி நெஞ்சை அமுக்கினாள். பெட்டி தன் இயந்திரக் குரலில் எல்லாரையும் விலகச் சொன்னது. இரண்டாவது அதிர்ச்சியில் ஆர்ஸெல்லா இருமினாள்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்க இமோஜீன் தனியாக வந்தாள். தலையணையைச் சரிசெய்தாள், தண்ணீர் கொடுத்தாள், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"உன் மூக்குல மூச்சே இல்லடி," என்றாள் கடைசியில். "துணியோரம் மட்டும் நனைஞ்சிருந்துச்சு. சூடா இருந்துச்சு."

"வாசனை?" என்று கேட்டாள் ஆர்ஸெல்லா.

இமோஜீன் தலையாட்டினாள். கண்ணில் நீர் நிற்கவில்லை. "அவரு அப்ப உயிரோட இருந்திருக்காரு, ஆர்ஸெல்லா. நாம பாடுறப்ப இருந்திருக்காரு."

"இருந்தாரு," என்றாள் ஆர்ஸெல்லா. இந்த முறை அவள் மறைக்கவில்லை. சிநேகிதியின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். அழுது ஓயும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"அந்தத் துணி இப்ப எங்க?"

"என் தலகாணி மேல விரிச்சிருக்கேன்."

"காஞ்சிருச்சா?"

இமோஜீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"காயல," என்றாள். "காயவும் வேணாம்."