பத்துப் பேர் சாப்பிட்ட சத்தியம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சர்க்கரை இருக்கிறது, பிரியாணியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றும் அப்படித்தான். அவரிடம் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, சேலையூர் வீட்டுக்கு வந்து கோபத்தை மனைவியிடம் காட்டினேன். அன்று வெள்ளிக்கிழமை, அடுப்பில் பிரியாணிக்குத் தம் போட்டிருந்தாள். "அல்லாஹ் மேல சத்தியமா இனிமே பிரியாணியத் தொடமாட்டேன்!" என்று கத்தினேன்.

அடுத்த வெள்ளி ரசமும் கோவைக்காய்ப் பொரியலும் வந்தன. அதற்கடுத்த வெள்ளியும் அதேதான். கல்யாணமான நாளிலிருந்து, ஜும்ஆ தொழுகை முடிந்து நான் வந்ததும் இருவரும் ஒரே தட்டில் பிரியாணி சாப்பிடுவது எங்கள் வழக்கம். அவளுக்கு அது என்றால் உயிர். "நீயாவது செஞ்சு சாப்பிடேன்" என்றால், "தனியா எறங்க மாட்டேங்குதுங்க" என்பாள். சத்தியம் செய்தது நான், பட்டினி கிடந்தது அவள் ஆசை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லியாயிற்றே, எப்படி மீறுவது?

நாலு மாதம் கழித்து எங்கள் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு என் மகன் வயதுதான்.

"டாக்டர் கொறைக்கச் சொன்னாரா, நிறுத்தச் சொன்னாரா?"

"கொறைக்கத்தான்."

"அல்லாஹ் ஹலாலாக்கினத நீங்க எதுக்கு பாய் ஹராமாக்கிக்கிறீங்க? சத்தியத்த முறிச்சிடுங்க. அதுக்குப் பரிகாரமா பத்து ஏழைங்களுக்குச் சாப்பாடு போடுங்க. உங்க வீட்ல சாப்பிடுற சாப்பாடாவே இருக்கட்டும்."

அந்த வெள்ளி பரணிலிருந்து பெரிய சட்டி இறங்கியது. கேம்ப் ரோட்டில் கால்வாய் தோண்டிக்கொண்டிருந்த பத்துப் பேரை அழைத்து வந்து கூடத்தில் உட்கார வைத்தேன்.

"இன்னா பாய் விசேசம், கண்ணாலமா?" என்றார் ஒருவர்.

"கோவத்துல ஒரு சத்தியம் பண்ணிட்டேன்பா. அதுக்கு அபராதம்."

"அப்போ அடிக்கடி கோவப்படு பாய்!"

சமையலறையில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு நாலு மாதம் ஆகியிருந்தது.

அவர்கள் போனபின் ஒரு தட்டில் சோறு போட்டு நடுவில் வைத்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி நாலு கவளம் சாப்பிட்டுக் கையை எடுத்தேன்.

"போதுமா?"

"போதும்."

என் பக்கத்துச் சோற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அவள் முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.