மூன்றாவது நார்ம்

செஸ் நடக்கும் கூடத்துக்குள் பெற்றோரை விடமாட்டார்கள். நல்லதுதான், விட்டால் எங்களில் பாதிப் பேர் பிள்ளைகளின் காதில் எதையாவது ஓதிவிடுவோம். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்த முறை போட்டி நடந்த கல்லூரியில் கூடத்துக்குக் கண்ணாடிக் கதவு. இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். சத்தம் துளியும் வெளியே வராது. கன்னத்தில் கை, இமைக்காத பார்வை, எப்போதாவது ஒரு அசைவு. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பவர்கள் மூச்சு விடுகிறார்களா என்றே சந்தேகம் வந்துவிடும். இத்தனை வருஷமாகியும் எனக்கு அது பழகவில்லை.

என் மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. மல்லேஸ்வரத்தில் எங்கள் தெரு நாய்க்குக் காலில் அடிபட்டால் சாப்பிடாமல் அழுகிற பெண். ஆனால் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் முகம் வேறு யாருடையதோ ஆகிவிடும். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். என்ன கவனம் பாருங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அவளுக்கு அது மூன்றாவது நார்ம். செஸ் வீட்டுக்குள் நுழையாத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். சர்வதேச மகளிர் மாஸ்டர் பட்டத்துக்கு ரேட்டிங் மட்டும் போதாது. ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள், வெளிநாட்டுக்காரர்கள் என்று குறிப்பிட்ட வகை ஆட்களோடு ஒரே போட்டியில் ஒன்பது ஆட்டம் ஆடி, அதில் இத்தனை பாயிண்ட் என்று எடுக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் நார்ம். அப்படி மூன்று வேண்டும். இவளிடம் இரண்டு இருந்தது. எட்டுச் சுற்று முடிந்த நிலையில் மூன்றாவதுக்குத் தேவை இன்னும் அரைப் பாயிண்ட். கடைசி ஆட்டத்தை டிரா செய்தால் போதும்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் சந்தாபுராவிலிருந்து வரும் ஒரு தகப்பனார். பையனுக்குத் தெரிந்ததைவிட இவருக்கு விதிகள் அதிகம் தெரியும்.

"அமெரிக்காவுல ரெண்டாயிரத்தி இருநூறு ரேட்டிங்க ஒரு தடவ தொட்டுட்டா போதும் மேடம். அப்புறம் எவ்ளோ கீழ விழுந்தாலும் ஆயுசுக்கும் நேஷனல் மாஸ்டர்தான். கனடாவுல அது மட்டும் பத்தாது, நல்லா ஆடின டோர்னமென்ட் சிலதும் காட்டணும். சில குட்டி தேசங்கள்ல மண்டலப் போட்டியில பாதிக்குப் பாதி எடுத்தாலே ஒரு டைட்டில் உண்டு."

"பேசாம குட்டி தேசத்துல பொறந்திருக்கலாம்" என்றேன்.

"நாம இங்க வந்து மாட்டிக்கிட்டோமே" என்று அவர் சிரித்தார்.

மகளின் கடைசிச் சுற்று எதிராளி ஒரு வெளிநாட்டு கிராண்ட்மாஸ்டர். எழுபதை நெருங்கிய, ஒடிசலான மனிதர். அவர் பிறந்த நாட்டுக்கு இப்போது வேறு பெயர். இப்படி ஊர் ஊராகப் போய், நார்ம் தேடும் பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்வதுதான் அவருக்குப் பிழைப்பு. ஒரு நாள் காலையில் கேன்டீனில் இட்லியை ஃபோர்க்கால் குத்திக்கொண்டே தன் கதையைச் சொன்னார். அவர் காலத்தில் அவர்கள் நாட்டில், மாஸ்டர் பட்டம் கேட்பவனுக்கு எதிரே ஏற்கெனவே மாஸ்டராக இருக்கும் ஒருவரை உட்கார வைத்து மேட்ச் ஆடச் சொல்வதும் உண்டாம். இவருக்கு வாய்த்தவர் நோயாளி. மேட்ச் முழுக்க இருமிக்கொண்டே இருந்தாராம். "அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. காயை மட்டும்தான் பார்த்தேன்" என்றார். சொல்லிவிட்டு என் மகளைப் பார்த்துப் புன்னகைத்தார். அவள் திரும்பப் புன்னகைக்கவில்லை, சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது சுற்றன்று அவருக்கு உடம்பு சரியில்லை, வருவாரோ மாட்டாரோ என்று பேச்சு. எதிராளி வராவிட்டால் முழுப் பாயிண்ட் சும்மா கிடைக்கும். மற்றவர்களாக இருந்தால் குதிப்பார்கள். ஆனால் ஆடாத ஆட்டம் நார்முக்குச் சேராது. ஆளுக்கு ஒரு நகர்த்தலாவது வைத்திருக்க வேண்டும். அதனால் அவர் தலை தெரிந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். மகள் எழுந்து கை கொடுத்தாள். கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அவர் ஒவ்வொரு முறையும் காயை வைத்து, கடிகாரத்தை அழுத்தி, தாளில் குறித்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பார். மகள் ஒரு குதிரையை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினாள். இனி ஓடுவது அவர் நேரம், அது தீர்ந்தால் அவருக்குத் தோல்வி. அவர் போர்டை நோக்கிக் குனிந்தார். அப்படியே இருந்தார்.

யோசிக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அங்கே எல்லாரும் அப்படித்தானே இருக்கிறார்கள். நடுவர் அந்த மேஜையை இரண்டு முறை கடந்து போனார், நிற்கவில்லை. ஆட்டம் முடிந்த ஒரு பையன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். செஸ் கூடத்தில் ஆடாமல் அசையாமல் இருக்கும் மனிதனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்போது என் மகள் தலையை நிமிர்த்தினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சாதாரணமாக அவள் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதே கிடையாது. நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கைகளை மடியில் கோத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

நான் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போனேன். அந்த மனிதரின் வாயோரம் ஒரு பக்கமாக இறங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கண்ணாடிக்கு வெளியே இருக்கும் எனக்கே தெரிகிறது. ஒரு முழத் தூரத்தில் இருப்பவளுக்குத் தெரியாமல் இருக்குமா? கையைத் தூக்குவாள், நடுவரைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் தூக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். "சார், நோட்ரீ! பேக பன்னி! சீக்கிரம் வாங்க! அவருக்கு என்னவோ ஆயிடுச்சு!" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினேன். கூடம் முழுக்க ஒரே நேரத்தில் திரும்பியது. அவள் மட்டும் திரும்பவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது. உயிர் இருந்தது. என்னை வெளியே அனுப்பினார்கள், ஆனால் அந்தக் கலவரத்தில் கதவு திறந்தே கிடந்தது. நடுவர் மேஜைக்குத் திரும்பி வந்தார்.

"ஆட்டம் இன்னும் முடியலம்மா. அவர் டைம் பாக்கி இருக்கு."

"நான் டிரா கேக்கலாமா சார்?" என்றாள் மகள்.

"கேக்கலாம். ஆனா ஒத்துக்க ஆள் இல்லையே."

இரக்கத்தில் கேட்டாளா, தனக்கு வேண்டிய அரைப் பாயிண்ட் சீக்கிரம் கைக்கு வரட்டும் என்று கேட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நடுவர் கடிகாரத்தைத் திரும்ப ஓட விட்டார். அவள் எழுந்து நடந்திருக்கலாம், தண்ணீர் குடித்திருக்கலாம். உட்கார்ந்தே இருந்தாள், காலி நாற்காலிக்கு எதிரே, முதுகு வளையாமல். நேரம் தீர்ந்து, அவள் ஜெயித்ததாக நடுவர் முடிவை எழுதியபோது தானும் கையெழுத்துப் போட்டுவிட்டு, காய்களை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு பக்கமும் அடுக்கினாள். அவருடைய பக்கத்தையும் அவளே அடுக்கினாள்.

வீடு திரும்பும்போது மெட்ரோவில் கேட்டேன்.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"நீ உள்ள வந்திருக்கக் கூடாதும்மா. ஏதோ அந்த ஆர்பிட்டர் நல்லவரு. வேற யாராவதா இருந்தா பெனால்டி போட்டிருப்பாங்க."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுடி."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவர் டைம்தான ஓடிட்டிருந்துச்சு. எதிராளியோட டைம்ல நாம தொந்தரவு பண்ணக் கூடாதும்மா."

குரலில் கோபமும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. நான் பெற்ற பெண்ணைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

பட்டம் வந்தது. வீட்டில் பாதாம் அல்வா கிண்டினோம், சொந்தக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெரியவருக்குப் பேச்சும் வலது கையும் திரும்பவில்லை. அவர் மகன் வந்து அழைத்துக்கொண்டு போனார். அதுவரை என் மகள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனாள், பூ வாங்கிக்கொண்டு போனாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் குழப்புகிறது.

போன மாதம் எனக்குக் கடுமையான காய்ச்சல். ஹாலில் சாய்வு நாற்காலியில் மாத்திரை மயக்கத்தில் கிடந்தேன். கண் லேசாகத் திறந்தபோது அவள் எதிர் சோபாவில் உட்கார்ந்திருந்தாள், கைகளை மடியில் கோத்துக்கொண்டு. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மாத்திர நேரமாச்சான்னு பாத்தேம்மா" என்றாள், கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்படித்தான் இருக்கும்.

ஆனால் இப்போதெல்லாம் நான் பகலில் கண் அசந்திருக்கும்போது அவள் வரும் சத்தம் கேட்டால், சும்மாவாவது ஒரு விரலை அசைத்துக்கொள்கிறேன்.