இருக்கு, ஆனா வரலை

இடது புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிவிட்டு, அது எவ்வளவு நேரத்தில் படிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பதாம் மாடிக்கு மேலே மோட்டார் அறையில் இருக்கிறார். கீழே குடியிருப்புக்காரர்கள் பையும் கையுமாகக் காத்திருக்கிறார்கள். தோல் சட்டென்று படிந்துவிடுகிறது. அதில் அவருக்கு ஒரு திருப்தி.

“தோல்ல இருக்கிற புரதம் வேற, தசைக்குள்ள இருக்கிறது வேறப்பா” என்று பத்தாவது படிக்கும் மகள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள்.

“எல்லாம் ஒரே உடம்புதானே” என்பார்.

நாற்பத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு. மனிதர்களிடம் அளந்துதான் பேசுவார், லிஃப்ட் கதவிடம் மட்டும், “இரு, இரு, என்ன அவசரம்?” என்று தாராளமாகப் பேசுவார். எங்கே பழுது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். காரணம் தெரியாமல் ஒரு வேலையைப் பாதியில் விட்டு வந்த பழக்கம் அவருக்கு இல்லை.

அப்படிப்பட்டவரை நாலு மாதமாக ஒரு குழப்பம் பிடித்து ஆட்டுகிறது. அவருடைய அண்ணன் படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். இதயம் பெருத்திருந்தது. டாக்டர், தம்பியான இவருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். தசைக்குள் சுருள்கம்பி மாதிரி ஒரு புரதம் உண்டாம், டைட்டின் என்று பெயராம். இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். அதை உண்டாக்கும் மரபணுவில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பிழை.

“ஸ்பிரிங்தானே டாக்டர், மாத்திடலாமே?”

“மாத்துற ஸ்பிரிங் இல்லைங்க இது.”

“கை கால்லயும் இதேதானே இருக்கு? அது மட்டும் எப்படி நல்லா இருக்கு?”

“அது எங்களுக்கே முழுசாப் புரியலை.”

“அப்போ எனக்கு நோய் இருக்கா, இல்லையா?”

“பிழை இருக்கு. நோய் வரலை. வராமலேகூடப் போகலாம்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம், “இருக்காம், ஆனா வரலையாம்” என்றார்.

“யாரு?” என்றாள் அவள்.

மகளையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அவள் பள்ளி அணியில் நானூறு மீட்டர் ஓடுகிறவள். இன்றைக்கு, நாளைக்கு என்று அவர் தள்ளிப்போட்டார். “தெரிஞ்சா ஓட விடமாட்டாங்க. தெரியாம ஓடினா...” என்று மனைவியிடம் ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்தினார். அடுத்த அறையில் இருந்த மகள் எழுந்து வந்தாள்.

“தெரியாம ஓடத்தான்பா எனக்குப் பயமா இருக்கு. நாளைக்குப் போலாம்.”

போனார்கள். குறுகலான அறை, சுவரோரம் இரண்டு நாற்காலிகள். நர்ஸ் மகளின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடினாள். மகள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே நிற்பது, என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் இரண்டு முறை கதவுவரை போய்த் திரும்பினார். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து, தன் கையையும் அவள் கைக்கு அருகே நீட்டினார்.

“உங்களுக்குத்தான் அப்பவே எடுத்தாச்சே” என்றாள் நர்ஸ்.

“தெரியும்மா” என்றார். கையை எடுக்கவில்லை.