செல்லமுத்து நீக்க மறுத்த பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் தந்தி வந்தது. முசிறியில் செல்லமுத்து காலமானார். எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறையில் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாய் திறக்காமல் இருந்ததையும் எழுதியாக வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் திருச்சியில் விரிவுரையாளர்கள். ஆங்கிலத்தின் ஆரம்பகால உரைநடைக் கதைகளை அவர் நடத்துவார். அவற்றில் அடிமையாக விற்கப்படும் அரசகுமாரர்கள் வருவார்கள். அவர்களுடைய உயர்குடிப் பிறப்பு நடையிலும் பேச்சிலும் தெரியும். வாசகர் மனம் கரையும். "அழறதுக்குக்கூட வம்சம் பார்க்கிறாங்க சார். அதே கப்பல்ல வந்த மத்தவங்களுக்குப் பேரே இல்லை" என்பார் செல்லமுத்து.

அதையே துறை விழாவுக்குக் கட்டுரையாக எழுதினார். தலைமை தாங்க வந்தவர் கல்லூரி நிர்வாகக் குழுவிலிருந்த முசிறிப் பக்கத்து மிராசுதார். செல்லமுத்துவின் தந்தை அவருடைய பண்ணையாள். பண்ணையாட்களைப் பற்றியும் பேசிய கடைசிப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லும்படி, கட்டுரையை முன்பே படித்திருந்த துறைத்தலைவர் என்னை அனுப்பினார். செல்லமுத்துவின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதை நினைவூட்டவும் சொன்னார். சொன்னேன்.

"நீங்க படிச்சீங்கள்ல? அதுல பொய் ஏதாவது இருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்ப இருக்கட்டும்."

விழாவில் அந்தப் பக்கத்தை நிதானமாக வாசித்தார். அரசகுமாரனை அடிமையாக்கியது மட்டுமே குற்றம் என்றால், மற்றவர்களை அடிமையாக்கியது நியாயம் என்று அக்கதைகள் ஒப்புக்கொள்கின்றன என்றார். பிறகு தமிழுக்கு மாறி, தன் தந்தை அரசகுமாரர் அல்ல, பண்ணையாள் என்றார்.

மிராசுதார் உட்கார்ந்தபடியே கேட்டார்: "கருப்பன் மகனா நீ? அவன் இருக்கானா?"

"இருக்காருங்க" என்றார் செல்லமுத்து.

மிராசுதார் தலைமையுரை ஆற்றாமலே எழுந்து போனார். அடுத்த ஆண்டு செல்லமுத்துவுக்கு வேலை இல்லை. எங்களில் ஒருவரும் ஆட்சேபித்து ஒரு வரி எழுதவில்லை. அவர் முசிறியில் பள்ளி ஆசிரியரானார்.

இரண்டு வருடம் கழித்து மன்னிப்புக் கேட்க பஸ் ஏறிப் போனேன். வாசலில் கட்டிலில் இருந்த அவர் தந்தை என் நெற்றி நாமத்தைப் பார்த்ததும் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழப் போனார். செல்லமுத்து அவர் தோளில் கை வைத்தார். "உக்காருங்கப்பா. இவர் என்னோட வேலை பார்த்தவர்." பெரியவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். செல்லமுத்து கையை எடுக்கவில்லை. கடைசியில் பெரியவர் உட்கார்ந்தார். சற்று நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். "எங்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது? அடுத்த தடவை பேசுங்க" என்றார் செல்லமுத்து.

தந்தையின் தோளில் இருந்த அந்தக் கையும் இந்த வார்த்தையும் என்னிடம் இருக்கின்றன. அடுத்த தடவைகள் வந்தன. சிலவற்றில் பேசினேன்.