குழிக்குள் இறங்கிய குழாய்

தெற்குவாசல் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் குழாய் வந்த அன்று நான் வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. அதுவரைக்கும் ஓரகத்தி வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தோம். என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி அவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு. நான் வாளியைத் தொட்டாலே கயிறு தேய்கிறது என்பாள். ஏழு வருஷம் அந்தக் கயிற்றுக்குப் பதில் சொல்லிச் சொல்லி நான்தான் தேய்ந்துபோனேன். அதனால் முற்றத்தில் குழாயைப் பொருத்தி முடித்ததும் நேரே அவளிடம் போனேன்.

"உங்க கிணத்துத் தண்ணி எங்களுக்கு இனிமே வேணாங்க்கா."

சொன்னதோடு நிற்காமல், திரும்பி வந்து கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டேன்.

மறுநாள் காலையில் குழாயைத் திறந்தால் நூல் மாதிரி ஒழுகுகிறது.

என் வீட்டுக்காரருக்கு எண்ணெய்க்கடை. எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். வீட்டில் கடிகாரம் கிடையாது. தொழுதபின் ஓதி எண்ணுகிற தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டு குழாயடியில் குந்திவிட்டார். குடம் நிறைவதற்குள் மணி மூன்று சுற்று வந்தது. குழாய்க்கு வாய் சின்னது, அதுதான் கோளாறு என்றார். கடையில் எண்ணெய் மெதுவாக இறங்கினால் புனலை மாற்றுகிறவர் அல்லவா, அதே புத்தி. வாய் அகன்ற குழாய் ஒன்றை வாங்கி வந்து மாட்டி, மறுநாளும் மணியோடு உட்கார்ந்தார். இரண்டே சுற்று! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குச் சந்தேகம். இரண்டு தடவையும் அவர் குடத்தை வைத்தபோதே நான் உலையில் அரிசி போட்டிருந்தேன். முதல் நாள் சோறு வடிக்கும்போதுதான் குடம் நிறைந்தது. இன்றைக்கும் அப்படியேதான். அரிசி அவசரப்படாது. மெல்ல நகர்ந்தது இவருடைய கட்டைவிரல்தான். அதைச் சொன்னேன். கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே கடைக்குப் போய்விட்டார்.

நாலு நாள் ஓட்டினேன். அரைக் குடத்தில் சமையல், அரைக் குடத்தில் பாத்திரம். அழுக்குத் துணி மூலையில் ஏறிக்கொண்டே போனது. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. தொழுகைக்குப் போகுமுன் இவர் குளிக்கத் தண்ணீர் இல்லை. அண்ணியிடம் இரண்டு வாளி கேட்டால் என்ன என்று மெல்ல ஆரம்பித்தார். செத்தாலும் கேட்கமாட்டேன் என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அந்தத் தாழ்ப்பாளைத் திறந்தால், சொன்ன சொல்லை நானே விழுங்க வேண்டும்.

அப்போது சுவருக்கு மேலே ஓரகத்தியின் தலை தெரிந்தது. ஐந்து நாளும் ஆட்டுக்கல்மேல் ஏறி நின்று எங்கள் கூத்தைப் பார்த்திருக்கிறாள், மகராசி. குழாயை ஒரு பார்வை பார்த்தாள்.

"தண்ணிய இடுப்பு உசரத்துக்கு ஏறி வான்னா அது எப்படி வரும்? பள்ளத்தப் பாத்துத்தான ஓடும். குழி தோண்டிக் குழாயக் கீழ இறக்குங்க."

சொன்னது அவள் என்பதால் எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னது சரி என்பதால் மறுக்கவும் முடியவில்லை. இவர் அன்றைக்குச் சிநேகிதர் வீட்டில் குளித்துக்கொண்டார். மறுநாள் ஆள் வைத்து, நாலு படி இறங்கும்படி குழி வெட்டி, குழாயை அடியில் மாட்டினோம். திறந்தேன். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. இவர் மணியைத் தேடி எடுத்து வருவதற்குள் குடம் வழிந்துவிட்டது. நான் அரிசியே இன்னும் களையவில்லை.

முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாழ்ப்பாளைத் திறந்து அவள் வீட்டுக்குப் போனேன். நன்றியென்று இல்லை. உன் தண்ணீர் எனக்கு வேண்டாம் என்று அவளும் மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லட்டும், அதோடு சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அவள் குடத்தை வாங்கினாள். சாவகாசமாகத் தன் அண்டாவில் கவிழ்த்தாள். காலிக் குடத்தை என்னிடமே நீட்டினாள்.

"இன்னும் ரெண்டு கொண்டா. குழாத் தண்ணி வேணாம்னு நான் என்னைக்குமே சொல்லலியே."